விதித்தாளுக்குள்ளேயே விளக்கம்: எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் காட்சிக் குறிப்புகளையும் நிரப்பும் குறிப்புகளையும் எங்கே வைப்பது?



கூலிம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று, பழைய தோட்டத்துச் சொற்களைத் தொகுக்கும் திட்டத்தைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரட்டு, மங்கு, நிரை, லயம், ஆயாக்கொட்டகை போன்ற சொற்கள். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவில் பெற்றோர் ஷிப்டு வேலை பார்க்கும் வீடுகளில் இந்தச் சொற்கள் பிள்ளைகள் காதில் விழுவது அரிது. தாத்தா பாட்டியிடம் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும் வாய்ப்பும் இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

இப்படி ஒரு வேலைக்கு நாம் வழக்கமாகச் செய்வது என்ன? கூகிள் படிவம் ஒன்றைத் தயாரிப்போம். ஒவ்வொரு கேள்விக்கும் தலைப்பு, அதன் கீழே சிறு விளக்கம், தவறாக எழுதினால் தோன்றும் எச்சரிக்கை எல்லாவற்றையும் அழகாகத் தமிழில் எழுதுவோம். பதில்கள் விரிதாளில் வந்து சேரும். ஆனால் அந்த விரிதாளில் கேள்வியின் தலைப்பு மட்டும்தான் இருக்கும். விளக்கமும் எச்சரிக்கையும் படிவத்தோடு நின்றுவிடும். அடுத்த ஆண்டு படிவம் தயாரித்த ஆசிரியர் மாற்றலாகிப் போகிறார், படிவமும் அவர் கணக்கோடு போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது ‘இடம்’, ‘காலம்’ என்று தலைப்பிட்ட இரண்டு நெடுவரிசைகள். எந்த இடம்? எந்தக் காலம்? யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இந்தச் சிக்கலைக் கணினித் துறை நெடுநாளாக அறிந்திருக்கிறது. தரவின் விதிகளை எழுதும் அதே இடத்தில், அதை மனிதருக்கு எப்படிக் காட்டுவது, மனிதர் அதை எப்படி நிரப்புவது என்ற குறிப்புகளையும் சேர்த்து வைக்க முடியுமா? எக்ஸ்எம்எல் ஸ்கீமா இதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. அதைப் பற்றியதுதான் இக்கட்டுரை. இதென்னடா புதுத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் பின்பற்றக்கூடிய வழி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

ஸ்கீமா என்றால் என்ன?

எக்ஸ்எம்எல் என்பது தரவைக் குறிச்சொற்களுக்கு நடுவே வைத்து எழுதும் முறை. 1998-இல் டபிள்யூ3சி என்னும் இணையத் தர அமைப்பு இதை வெளியிட்டது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் வேர்டு கோப்பின் உள்ளே இருப்பதும் எக்ஸ்எம்எல்தான். குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதவும் இம்முறை இடம் தருகிறது. நம் சொல் தொகுப்பில் ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

<பதிவு>
  <சொல்>பெரட்டு</சொல்>
  <பொருள்>விடியற்காலையில் வேலையாட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது</பொருள்>
  <இடம்>கூலிம்</இடம்>
  <காலம்>1965</காலம்>
  <சொன்னவர்>பாட்டி</சொன்னவர்>
</பதிவு>

இந்தப் பதிவு சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று சோதிக்கும் விதித்தாள்தான் ஸ்கீமா. ‘சொல் கட்டாயம் இருக்க வேண்டும், பொருள் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம், காலம் என்பது ஆண்டாக இருக்க வேண்டும்’ என்பன போன்ற விதிகளை அது சொல்லும். டபிள்யூ3சியின் ஸ்கீமா மொழி 2001 மே மாதம் தரமாக ஏற்கப்பட்டது. அதன் 1.1 பதிப்பு 2012-இல் வந்தது.

மேலே உள்ள பதிவைச் சோதித்தால் ‘சரி’ என்றே பதில் வரும். 1965 என்பது ஆண்டுதானே! ஆனால் அது பாட்டி அந்தச் சொல்லைப் புழங்கிய ஆண்டா, பாட்டி பிறந்த ஆண்டா, வேறு எதுவுமா? கூலிம் என்பது சொல் வழங்கிய தோட்டம் இருந்த ஊரா, பாட்டி இப்போது குடியிருக்கும் ஊரா? ஸ்கீமா வடிவத்தைக் காக்கும். பொருளை அது காக்காது. பொருளைக் காக்க வேண்டியவை மனிதருக்கான குறிப்புகள்.

மனிதருக்கு என்னென்ன தேவை?

2003-இல் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற படிவத் தரம், நிரப்பும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு வகைக் குறிப்புகளை வரையறுத்தது. நம் தேவைக்கும் அவை அப்படியே பொருந்தும்.

1. பெயர்ப்பட்டி: பெட்டிக்குப் பக்கத்தில் தெரியும் பெயர். ‘சொல் வழங்கிய காலம்’.
2. சிறு குறிப்பு: சுட்டியை வைத்ததும் தெரியும் ஒரு வரி. ‘இச்சொல்லைத் தோட்டத்தில் பேசிய ஆண்டு, தோராயமாக’.
3. உதவி: விரிவான விளக்கம். ‘பிறந்த ஆண்டை எழுத வேண்டாம். ஆண்டு நினைவில் இல்லையென்றால், அப்போது நீங்க எந்த வகுப்பு படிச்சீங்க என்று கேட்டுக் கணக்கிடவும்.’
4. எச்சரிக்கை: தவறாக நிரப்பினால் தோன்றுவது. ‘நான்கு இலக்க ஆண்டாக எழுதவும்.’

இவற்றோடு பெட்டிகளின் வரிசை, ஒரு வரிப் பெட்டியா பல வரிப் பெட்டியா, பட்டியலை எப்படி அடுக்குவது போன்ற காட்சிக் குறிப்புகளும் உண்டு.

தமிழுக்கு இதில் இரண்டு தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஆசிரியர்கள் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, எழுத்துக் கணக்கு. ‘சொல் பத்து எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று ஸ்கீமாவில் எழுதினால், அது எண்ணுவது யூனிகோடு குறிகளை. தமிழ் எழுத்துகளை அது எண்ணுவதில்லை. ‘மங்கு’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ம, ங, புள்ளி, க, உகரக் குறி என ஐந்து. ‘பெரட்டுக்களம்’ நமக்கு எட்டு எழுத்து, கணினிக்குப் பதின்மூன்று. விதியின்படி அந்தச் சொல் தள்ளப்படும். மாணவன் எட்டுதான் எண்ணியிருப்பான். ‘சார், நான் சரியாத்தானே எழுதினேன்?’ என்று கேட்பான். அவன் சொல்வதே சரி. குறுக்கெழுத்துப் போட்டிக்குச் சொற்பட்டியல் தயாரிப்பவர்கள் இதை உடனே உணர்வார்கள். உயிர்மெய்யை ஒன்றாக எண்ணு என்பதை நிரப்பும் கருவிக்குத் தனிக் குறிப்பாகத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அகரவரிசை. யூனிகோடு குறி எண்களின்படி அப்படியே அடுக்கினால் ‘மறியல்’ முன்னும் ‘மலை’ பின்னும் வரும், ஏனெனில் அங்கே றகரம் லகரத்துக்கு முன்னால் இருக்கிறது. நம் அகராதியில் ‘மலை’தான் முன். அதுபோல ‘படம்’ முதலிலும் ‘பட்டு’ அடுத்தும் வரும். அகராதி முறையிலோ மெய் முன்னால் வருவதால் ‘பட்டு’தான் முதலில். ஸ்கீமா அடுக்கும் முறையைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘தமிழ் அகரவரிசையில் அடுக்கு’ என்பது காட்சிக் குறிப்பாக எங்காவது இருந்தாக வேண்டும்.

குறிப்புகளை எங்கே வைக்கலாம்?

நான்கு இடங்கள் இருக்கின்றன.

முதல் இடம், சாதாரணக் கருத்துரை. எக்ஸ்எம்எல்லில் எந்தக் கோப்பிலும் கருத்துரை எழுதலாம். ஸ்கீமாவுக்கு முந்தைய டிடிடி முறையில் விளக்கம் எழுத இருந்த வழி இதுதான். ஆனால் கோப்பைப் படிக்கும் மென்பொருள் கருத்துரையைத் தூக்கி எறியலாம். அதற்கு அந்த உரிமை உண்டு. கரும்பலகை ஓரத்தில் எழுதிய குறிப்பு மாதிரி, துடைத்தால் போச்சு.

இரண்டாவது இடம், ஸ்கீமாவுக்குள் இருக்கும் ‘அனோடேஷன்’ என்ற உறுப்பு. இது ஸ்கீமா மொழியின் ஒரு பகுதியே. இதற்குள் இரண்டு வகை உண்டு. ‘டாக்குமெண்டேஷன்’ என்பது மனிதர் படிக்க. ‘ஆப்இன்ஃபோ’ என்பது மென்பொருள் படிக்க. இரண்டிலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். சோதனையின் முடிவை இவை சிறிதும் மாற்றாது. எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்பதால் தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று என்று மொழிக்குறி இட்டு எழுதலாம். கீழே உள்ள எடுத்துக்காட்டில் ஸ்கீமாவின் நிலையான சொற்களைப் படிக்க வசதியாகத் தமிழெழுத்தில் காட்டியிருக்கிறோம். உண்மையான கோப்பில் அவை ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

<எக்ஸ்எஸ்:எலிமெண்ட் நேம்="காலம்" டைப்="எக்ஸ்எஸ்:ஜிஇயர்">
  <எக்ஸ்எஸ்:அனோடேஷன்>
    <எக்ஸ்எஸ்:டாக்குமெண்டேஷன் எக்ஸ்எம்எல்:லேங்="டிஏ">
      இச்சொல்லைத் தோட்டத்தில் பேசிய ஆண்டு. சொன்னவர் பிறந்த ஆண்டு அன்று.
    </எக்ஸ்எஸ்:டாக்குமெண்டேஷன்>
    <எக்ஸ்எஸ்:ஆப்இன்ஃபோ>
      <காட்சி:பெயர்ப்பட்டி>சொல் வழங்கிய காலம்</காட்சி:பெயர்ப்பட்டி>
      <காட்சி:எச்சரிக்கை>நான்கு இலக்க ஆண்டாக எழுதவும்</காட்சி:எச்சரிக்கை>
    </எக்ஸ்எஸ்:ஆப்இன்ஃபோ>
  </எக்ஸ்எஸ்:அனோடேஷன்>
</எக்ஸ்எஸ்:எலிமெண்ட்>

‘டிஏ’ என்பது தமிழுக்கான மொழிக்குறி, மலாய்க்கு ‘எம்எஸ்’. ‘காட்சி’ என்ற முன்னொட்டு நாமே வைத்துக்கொண்டது. ஸ்கீமாவின் சொந்தச் சொற்களோடு நம் சொற்கள் கலந்துவிடாமல் இருக்க இப்படித் தனிப் பெயர்வெளி வைப்பார்கள். தேர்ந்தெடுக்கும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்புக்கும்கூட இதேபோல் தனி விளக்கம் சேர்க்கலாம். சொல்வகைப் பட்டியலில் ‘பெயர்’ என்பது பெயர்ச்சொல்லையா, ஆளின் பெயரையா குறிக்கிறது என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது இடம், கூடுதல் பண்புகள். ஸ்கீமாவின் எந்த உறுப்பிலும் வேறொரு பெயர்வெளியைச் சேர்ந்த பண்பைச் சேர்க்கலாம். காட்சி:வரிசை="3" காட்சி:பெட்டி="பல-வரி" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சிறிய குறிப்புகளுக்கு இது வசதி. நீண்ட விளக்கத்துக்கும் பல மொழிகளுக்கும் ஒத்துவராது.

நான்காவது இடம், தனிக் கோப்பு. ஸ்கீமாவைத் தொடாமல், ‘காலம் என்ற பெட்டிக்கு இந்தப் பெயர்ப்பட்டி, இந்த அகலம்’ என்று பக்கத்தில் இன்னொரு கோப்பில் எழுதி வைப்பது. ஸ்கீமா நம்முடையதாக இல்லாதபோது, அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லாதபோது, இந்த வழிதான் உண்டு.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

நம் பூங்காவோடு தொடர்புள்ள துறையிலிருந்தே தொடங்கலாம். சிப் வடிவமைப்பில் ஓர் உறுப்பை ஒரு நிறுவனம் வடிவமைக்கும், இன்னொரு நிறுவனம் அதை வாங்கித் தன் சிப்புக்குள் பொருத்தும். அந்த உறுப்பைப் பற்றிய விவரத்தைக் கைமாற்ற ஐபி-எக்ஸ்ஆக்ட் என்ற எக்ஸ்எம்எல் தரம் இருக்கிறது. 2009-இல் ஐஇஇஇ 1685 என்ற எண்ணில் இது தரமாக்கப்பட்டது. அதில் கணினிக்கான ‘பெயர்’ ஒன்று, மனிதருக்கான ‘காட்சிப்பெயர்’ ஒன்று, ‘விளக்கம்’ ஒன்று எனத் தனித்தனியே இடம் உண்டு. ஒவ்வொரு கருவி நிறுவனமும் தனக்கு மட்டும் தேவையான குறிப்புகளை வைக்கத் தனி மூலையும் உண்டு. கணினிக்கான பெயர் மாறக் கூடாது. மற்ற இடங்கள் அதை வைத்துத்தான் இணைகின்றன. காட்சிப்பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இந்தப் பிரிவினை நமக்கும் பாடம். பெட்டியின் பெயரையும் பெட்டிக்குப் பக்கத்தில் தெரியும் பெயரையும் ஒன்றாக்கிவிட்டால், எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தப் போய்ப் பழைய பதிவுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும்.

தமிழுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, கல்வெட்டுப் பதிப்பு. 1987-இல் தொடங்கிய டிஇஐ என்ற முயற்சி, பழைய நூல்களையும் ஆவணங்களையும் எக்ஸ்எம்எல்லில் குறியிடும் நெறியை உருவாக்கியது. அதைக் கல்வெட்டுகளுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டதுதான் எபிடாக். 2019-இல் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் தொடங்கிய தர்மா என்ற ஆய்வுத் திட்டம், தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ள கல்வெட்டுகளை, தமிழ்க் கல்வெட்டுகள் உட்பட, எபிடாக் முறையில் பதிப்பித்தது. கடாரம் பற்றிப் பாடம் நடத்தும்போது நாம் எடுத்துச் சொல்லும் சோழர் காலத்துச் சான்றுகள் இவ்வகை ஆவணங்களைச் சேர்ந்தவைதாம்.

கல்வெட்டில் ஒரு சொல் சிதைந்திருக்கிறது என்று கொள்வோம். பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்புகிறார். கோப்பில் அவர் ‘இது நான் நிரப்பியது, மூலத்தில் அழிந்துவிட்டது’ என்று மட்டுமே குறியிடுகிறார். திரையில் அது சதுர அடைப்புக்குறிக்குள் தெரியும். அடைப்புக்குறியைக் கோப்பிலேயே தட்டச்சு செய்துவிட்டால், அது நிரப்பியதா, ஐயமுள்ளதா, வெறும் அடைப்புக்குறியா என்று பிறகு யாருக்கும் தெரியாமல் போகும். பொருளைக் கோப்பில் வைப்பது, தோற்றத்தை வெளியே வைப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

டிஇஐ இதில் இன்னொரு படியும் முன்னே போனது. அதன் விதித்தாள் ஓடிடி என்ற வடிவில் எழுதப்படுகிறது. ‘ஒரே ஆவணம் எல்லா வேலையும் செய்யும்’ என்பது அந்தப் பெயரின் பொருள். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் விதி, விளக்கம், எடுத்துக்காட்டு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். விளக்கங்களைச் சீனம், ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் போன்ற பல மொழிகளில் மொழிக்குறியோடு பக்கம் பக்கமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஒரே கோப்பிலிருந்து சோதிக்கும் ஸ்கீமாவும் கிடைக்கும், படிக்கும் கையேடும் கிடைக்கும். 2016-இல் காட்சி முறைகளையும் அதே கோப்பில் சேர்க்க வழி செய்தார்கள். ‘இந்தக் குறிச்சொல் பத்தியாகத் தெரியட்டும், இது அடிக்குறிப்பாகத் தெரியட்டும்’ என்ற அளவில் அந்தக் குறிப்பு இருக்கும். நுணுக்கமான அலங்காரத்தை வெளியே இருக்கும் நடைத்தாளுக்கு விட்டுவிடலாம்.

மாறாக, தனித்தனிக் கோப்புகளில் வைத்தவர்களும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2003-இல் கொண்டுவந்த இன்ஃபோபாத் என்ற படிவ மென்பொருள், ஸ்கீமாவை ஒரு கோப்பிலும் காட்சியை வேறு கோப்புகளிலும் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2014-இல் இனிப் புதிய பதிப்பு இல்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது. பொட்டலத்தைப் பிரித்தால் ஸ்கீமா பொதுத் தரத்தில் இருக்கும். எந்தக் கருவியும் படிக்கும். படிவம் எப்படி இயங்க வேண்டும் என்பதோ அந்த மென்பொருளையே நம்பி இருந்தது. விளக்கம் எந்தக் கோப்பில் இருந்ததோ, அந்தக் கோப்பின் ஆயுள்தான் விளக்கத்துக்கும்.

நம்மில் பலர் ஊடாடும் பயிற்சிகளுக்குப் பயன்படுத்தும் எச்5பி இன்னொரு பாடம் தருகிறது. அது எக்ஸ்எம்எல் அல்ல, ஜேசன். ஆனால் சிக்கல் அதே சிக்கல். ஒவ்வொரு பயிற்சி வகைக்கும் ‘செமாண்டிக்ஸ்’ என்ற கோப்பு இருக்கும். பெட்டியின் பெயர், வகை, பெயர்ப்பட்டி, விளக்கம், எந்த வகைப் பெட்டி என எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பிற மொழிப் பெயர்ப்பட்டிகள் மட்டும் மொழிக்கு ஒன்றாகத் தனிக் கோப்பில் இருக்கும். அந்த மொழிக் கோப்பு பெட்டிகளைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. முதலாவது, இரண்டாவது என்ற வரிசையால்தான் அடையாளம் காண்கிறது. நடுவில் புதுப் பெட்டி ஒன்று நுழைந்தால், மொழிக் கோப்பையும் அதே இடத்தில் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் ஒரு பெட்டியின் விளக்கம் இன்னொரு பெட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். தனிக் கோப்பில் குறிப்பு வைப்பவர்கள் வரிசையை நம்பாமல் பெயரைக் கொண்டே இணைக்க வேண்டும்.

எதை உள்ளே, எதை வெளியே?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி போதும்: இந்தக் குறிப்பு தொலைந்தால் பதிவின் பொருள் மாறுமா, தோற்றம் மட்டும் மாறுமா?

பொருள் மாறும் என்றால் ஸ்கீமாவுக்குள்ளே:
• பெட்டி எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்ற விளக்கம்
• தமிழ், மலாய்ப் பெயர்ப்பட்டிகள்
• எப்படி நிரப்புவது என்ற உதவி, எச்சரிக்கை
• பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்பின் பொருள்
• எழுத்தை எப்படி எண்ணுவது, எந்த வரிசையில் அடுக்குவது

தோற்றம் மட்டும் மாறும் என்றால் வெளியே:
• நிறம், எழுத்துரு, பெட்டியின் அகலம்
• கைப்பேசிக்கு ஒரு அமைப்பு, கணினிக்கு ஒரு அமைப்பு
• மாணவருக்குக் காட்டும் பெட்டிகள், ஆசிரியருக்குக் காட்டும் பெட்டிகள்

எல்லாவற்றையும் உள்ளே திணிப்பதும் தவறுதான். ஆண்டு 3 மாணவருக்கும் ஆண்டு 6 மாணவருக்கும் வேறு வேறு படிவம் வேண்டும் என்றால், இரண்டின் அமைப்பையும் ஒரே ஸ்கீமாவில் எழுதினால் விதி எது, அலங்காரம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. நிறத்தை மாற்றுவதற்காக விதித்தாளைத் திறக்கும்போது, கைதவறி விதியையே மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

பெட்டிகளின் வரிசை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கேட்கும் வரிசை பதிலைப் பாதிக்கும் என்றால் உள்ளே வையுங்கள். முதலில் சொல்லைக் கேட்டுவிட்டுப் பிறகு பொருளைக் கேட்பதற்கும், ‘காலையில ஆள் கணக்கு எடுக்கிறதை என்னன்னு சொல்லுவீங்க பாட்டி?’ என்று பொருளிலிருந்து சொல்லைக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது முறையில் பாட்டியின் வாயிலிருந்து வரும் சொல், நாம் எதிர்பார்க்காத சொல்லாகவும் இருக்கலாம்.

‘சொன்னவர்’ என்ற பெட்டிக்குத் தனிக் கவனம் தேவை. ‘முழுப்பெயர், முகவரி எழுத வேண்டாம், உறவுமுறை மட்டும் போதும்’ என்ற குறிப்பு ஸ்கீமாவுக்குள் இருக்கட்டும். அப்போது எந்தப் பள்ளி எந்தப் படிவத்தில் இந்த ஸ்கீமாவைப் பயன்படுத்தினாலும் அந்தக் காப்பு கூடவே போகும். அதே சமயம், ஸ்கீமாவைப் பலரோடும் பகிர்வோம் என்பதால், உண்மையான ஆட்களின் விவரத்தை எடுத்துக்காட்டாக அதில் எழுதிவிடக் கூடாது.

நாம் செய்து பார்க்க

உங்கள் வசதிக்கு ஏற்ப மூன்று நிலைகள்.

நிலை 1, விரிதாள் மட்டும் தெரிந்தவர்களுக்கு. தரவு இருக்கும் அதே கோப்பில் ‘விளக்கம்’ என்ற இரண்டாவது தாளைச் சேருங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வரி: பெட்டியின் பெயர், காட்டும் பெயர், எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது, சரியான எடுத்துக்காட்டு ஒன்று, தவறான எடுத்துக்காட்டு ஒன்று. கோப்பை யாருக்கு அனுப்பினாலும் விளக்கமும் சேர்ந்தே போகும். அனோடேஷன் செய்யும் வேலையும் இதுதான்.

நிலை 2, வேர்டில் படிவம் செய்பவர்களுக்கு. ‘டெவலப்பர்’ என்ற பட்டை வழக்கமாக மறைந்திருக்கும். அமைப்புகளில் போய் அதைத் தோன்றச் செய்யுங்கள். அங்கே உள்ளடக்கப் பெட்டி ஒன்றைச் சேர்த்து அதன் பண்புகளைத் திறந்தால் ‘டைட்டில்’, ‘டேக்’ என்று இரண்டு இடங்கள் தெரியும். டைட்டிலில் தமிழ்ப் பெயர்ப்பட்டியையும், டேக்கில் மாறாத உள்பெயரையும் எழுதுங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் வரியில் சிறு குறிப்பை எழுதலாம். மேலே பார்த்த பெயர், காட்சிப்பெயர் பிரிவினை இங்கேயும் இருப்பதைக் கவனியுங்கள்.

நிலை 3, எக்ஸ்எம்எல் எழுதத் துணிந்தவர்களுக்கு. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற இலவசத் தொகுப்பியை நிறுவி, ரெட் ஹாட் வெளியிடும் எக்ஸ்எம்எல் நீட்சியைச் சேருங்கள். ஸ்கீமாவை எழுதி, ஒவ்வொரு உறுப்புக்கும் டாக்குமெண்டேஷனில் தமிழில் விளக்கம் எழுதுங்கள். பிறகு தரவுக் கோப்பைத் திறந்து <காலம்> என்ற குறிச்சொல்லின் மேல் சுட்டியை வையுங்கள். நீங்கள் எழுதிய தமிழ் விளக்கம் அங்கே தோன்றும். அதற்காக நீங்கள் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஆக்சிஜன் போன்ற மற்ற எக்ஸ்எம்எல் தொகுப்பிகளும் இதே விளக்கத்தை எடுத்துக் காட்டும். ஆப்இன்ஃபோவில் நாம் வைத்த பெயர்ப்பட்டியையும் எச்சரிக்கையையும் கொண்டு படிவம் உருவாக்க வேண்டும் என்றால், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரல் தனியாகத் தேவை. பள்ளியில் கணினி தெரிந்த முன்னாள் மாணவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பூங்காவில் வேலை செய்பவர்கள் பலருக்கு எக்ஸ்எம்எல் புதிதாக இருக்காது.

எந்த நிலையில் செய்தாலும், விளக்கம் எழுதும் வேலையில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘இடம் என்றால் எந்த இடம்? இரண்டு வாக்கியத்தில், யார் படித்தாலும் ஒரே பொருள் கொள்ளும்படி எழுதுக’ என்பது நல்ல எழுத்துப் பயிற்சி. ஒரு குழு எழுதிய விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுகுழு படிவத்தை நிரப்பட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே விளக்கம் போதவில்லை என்று பொருள். திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

சொற்களைத் தொகுக்கும் ஆர்வம் நம் பள்ளிகளில் குறைவில்லை. தொகுத்ததைப் பத்து ஆண்டு கழித்து, நம்மை அறியாத ஓர் ஆசிரியர் திறந்து பார்க்கும்போது, 1965 என்பது எந்த ஆண்டு என்று அவருக்குப் புரிய வேண்டும். அந்த ஒரு வரி விளக்கத்தைத் தரவின் விதியோடு சேர்த்து இன்றே எழுதி வையுங்கள். பாட்டியிடம் திரும்பப் போய்க் கேட்கும் வாய்ப்பு அந்த ஆசிரியருக்கு இருக்காது.

உங்கள் பள்ளியில் இப்படி ஒரு விளக்கத்தாளைத் தயாரித்திருந்தால், மற்ற ஆசிரியர்களும் பயன்படுத்தும்படி நம் வளத் தொகுப்பில் பகிர்ந்துகொள்ளுங்கள்.